வால்பரைசோவில் கடற்கரை விடுமுறை: குன்றில் தங்கலாமா, கரையில் தங்கலாமா?

பசிபிக் கரையில் பழைய துறைமுக நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்க்க வேண்டும், கூடவே மணலில் கால் நீட்டி உட்காரவும் வேண்டும் என்றால், சிலி நாட்டின் வால்பரைசோவை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் போவதென்று முடிவெடுத்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. இங்கே நகரம் ஒரு பக்கம், கடற்கரை இன்னொரு பக்கம். துறைமுகமும் குன்றுகளும் வால்பரைசோவில் இருக்கின்றன. அகலமான மணற்கரைகள் ஒட்டியிருக்கும் வீன்யா தெல் மாரில் இருக்கின்றன. அதற்கும் வடக்கே ரென்யாக்கா, கடைசியாக கோன்கோன். எல்லாம் சுமார் 25 கிலோமீட்டருக்குள் அடங்கும். தூரம் குறைவுதானே, எங்கே தங்கினால் என்ன என்று தோன்றலாம். அப்படி இல்லை. எங்கே தூங்கி எழுகிறீர்கள் என்பதைப் பொறுத்து முழு விடுமுறையின் குணமே மாறிவிடும்.

அதற்குக் காரணம் கடல். வங்கக் கடலில் கால் நனைத்துப் பழகியவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய செய்தி, இந்தத் தண்ணீர் உச்சிக் கோடையிலும் ஏறத்தாழ 15 முதல் 17 டிகிரிதான். தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. அதோடு கோடைத் தென்காற்று மேல்மட்ட நீரைக் கரையை விட்டுத் தள்ள, அடியிலிருந்து இன்னும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. சிலி மீன்வளத்தில் செழிப்பதும் இதே நீரால்தான். ஆனால் ஒரு மணி நேரம் தண்ணீரில் கிடந்து ஆடலாம் என்று வருகிறவருக்கு இந்தக் கடல் ஏமாற்றமாக இருக்கும். உள்ளூர்ப் பிள்ளைகள் அலையில் ஓடிப்போய் விழுந்து, கத்திக்கொண்டே திரும்பி ஓடிவந்து மணலில் படுத்துக்கொள்வார்கள். இங்கே கடல் குளியல் அவ்வளவுதான். நீச்சல்தான் விடுமுறையின் நோக்கம் என்றால் வெப்பக் கடல் உள்ள வேறு ஊரைத் தேர்ந்தெடுங்கள். இதை மனதார சொல்கிறேன், ஏனென்றால் தவறான எதிர்பார்ப்போடு வருகிறவருக்கு இந்த அருமையான ஊர் பிடிக்காமல் போய்விடும்.

குளிர்ந்த கடலுக்கு இன்னொரு விளைவும் உண்டு. கோடையில் பல நாள் காலையில் தாழ்ந்த மேகம் கரையை மூடியிருக்கும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு மேல் அது விலகி வெயில் பளிச்சென்று அடிக்கும். பிற்பகல் ஏற ஏறத் தென்மேற்குக் காற்று வலுக்கும். ஜனவரியில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி நெருங்கும் என்றாலும், ஆறு மணிக்கு மேல் மணலில் உட்கார ஒரு மேலாடை தேவைப்படும். ஆக, கடற்கரைக்கு ஏற்ற நேரம் நண்பகலிலிருந்து மாலை ஆறு வரைதான். மீதி நேரத்தை என்ன செய்வது? காலை மேகமூட்டத்தில் எங்கே நடப்பது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கே உலாவுவது? தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இந்தக் கேள்விதான். கடற்கரைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்பது இரண்டாம்பட்சம்.

பயணத் திட்டங்களில் அதிகம் காணப்படும் வழி, தலைநகர் சாண்டியாகோவில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் போய்வருவது. சுமார் 120 கிலோமீட்டர், ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். பேருந்துகள் ஏராளம். மெட்ரோவோடு இணைந்த பஹாரித்தோஸ் நிலையத்தில் ஏறினால் நகர நெரிசலையும் தவிர்க்கலாம். வழியெல்லாம் வசதிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் புறப்பட்டு மேகமூட்டத்தில் வந்து இறங்கி, இரண்டு குன்று ஏறி இறங்கி, வெயில் வந்த நேரத்தில் வீன்யாவுக்கு ஓடி, பூக்கடிகாரத்தின் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மாலை வெளிச்சம் குன்றுகள் மேல் விழும்போது திரும்பும் பேருந்தில் இருப்பீர்கள். கடற்கரையும் நகரமும் இரண்டுமே பாதியில் நிற்கும். சிலியில் மொத்தமே மூன்று நான்கு நாள்தான் என்றால் ஒழிய, இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது ரென்யாக்கா, கோன்கோன் பக்கம். படங்களில் பார்த்தால் மனத்தைக் கவர்வது இதுதான். செங்குத்தான சரிவில் படி படியாக அடுக்குமாடிகள், கீழே நீண்ட மணல். அலை சற்று முரட்டுத்தனமானது, அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். கொச்சோவாவில் கரைக்கு எதிரே உள்ள பாறையில் கடற்சிங்கங்கள் படுத்துக் கிடக்கும். கோன்கோனில் சாலையோரக் கடைகளில் சீஸும் இறாலும் வைத்துப் பொரித்த எம்பனாடா கிடைக்கும், அதற்காகவே சாண்டியாகோவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஊருக்கு மேலே பாதுகாக்கப்பட்ட மணற்குன்றுகள், அங்கிருந்து சூரியன் மறைவதைப் பார்க்கலாம். இவ்வளவும் ஒரு முழு நாளுக்கு அருமை. தங்குவதற்கு? காலை மேகமூட்டத்தில் அங்கே செய்ய ஒன்றும் இல்லை. ரயிலும் இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் கரையோரச் சாலை ஒன்றில்தான் எல்லா வண்டிகளும் நகர வேண்டியிருக்கும், சனி ஞாயிறுகளில் அது நகரவே நகராது. சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டு, நண்பர்கள் கூட்டமாக அலைச்சறுக்குக்கு வருகிறவர்கள் தங்கலாம். மற்றவர்கள் வீன்யாவிலிருந்தோ வால்பரைசோவிலிருந்தோ உள்ளூர்ப் பேருந்தில் போய்வரலாம்.

உண்மையான போட்டி வால்பரைசோ குன்றுகளுக்கும் வீன்யாவுக்கும்தான்.

வால்பரைசோவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. 1536-இல் ஸ்பானியர் ஹுவான் தெ சாவேத்ரா இந்த விரிகுடாவுக்கு வந்து தன் சொந்த ஊரின் பெயரைச் சூட்டினார். மூன்று நூற்றாண்டுகள் பெரிய வளர்ச்சி இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு வரும் கப்பல் தென்முனையின் ஹார்ன் முனையைச் சுற்றியோ, அதற்குச் சற்று வடக்கே மகெல்லன் நீரிணை வழியாகவோதான் வர வேண்டும். அந்தப் புயல் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு வால்பரைசோ ஓய்வுத் துறையாயிற்று. 1849-இல் கலிபோர்னியாவில் தங்கம் தேடி உலகமே ஓடியபோது இந்தத் துறைமுகம் கொழித்தது. ஆங்கிலேயர், ஜெர்மானியர், இத்தாலியர் என வணிகர்கள் வந்து குடியேறினார்கள். கீழே தட்டையான நிலம் ஒரு நாடா அளவுக்குத்தான் இருந்தது. அதனால் வீடுகள் குன்றேறின.

அந்தக் குன்றுகளுக்கு ஏறத்தான் 1883-இலிருந்து அசென்சோர்களைக் கட்டினார்கள். பழனி மலையில் விஞ்சில் ஏறியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. சரிவில் தண்டவாளம், கம்பி வடத்தில் கட்டிய இரண்டு பெட்டிகள், ஒன்று ஏற மற்றது இறங்கும். முதலாவது கொன்செப்சியோன் குன்றுக்கு. 1902-இல் எல் பேரால், 1903-இல் ரெய்னா விக்டோரியா. எனக்கு மிகவும் பிடித்தது 1916-இல் வந்த போலாங்கோ. மலைக்குள் 150 மீட்டர் சுரங்க நடைவழியில் போய், அங்கிருந்து நேர் செங்குத்தாக மேலே ஏறுவீர்கள். முப்பது வரை இருந்தவற்றில் இப்போது பதினாறு மிஞ்சியிருக்கின்றன. அவற்றிலும் சில எப்போதும் பழுதுபார்ப்பில் இருக்கும் என்பதால், அறை எடுக்கும்முன் அந்த வீட்டுக்கு அருகிலுள்ள அசென்சோர் ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள். ஓடவில்லை என்றால் நூறு இருநூறு படிகளைப் பெட்டியோடு ஏற வேண்டிவரும்.

1906 ஆகஸ்ட் 16 நிலநடுக்கம் ஊரை நொறுக்கியது. எழுந்து நிற்பதற்குள் 1914-இல் பனாமா கால்வாய் திறந்தது. ஹார்ன் முனையைச் சுற்ற வேண்டிய தேவை போயிற்று, கப்பல்கள் குறைந்தன, பணமும் தலைநகருக்குப் போயிற்று. இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இல்லாததால்தான் பழைய வீடுகள் பல தப்பின என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நெளி தகரத்தால் போர்த்தி, கைக்குக் கிடைத்த வண்ணமெல்லாம் அடித்த அந்த வீடுகள் நிற்கும் பழைய பகுதியை 2003-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

தங்குவதற்கு நான் சொல்வது அலெக்ரே, கொன்செப்சியோன் என்ற இரண்டு குன்றுகளை. ஒன்றையொன்று ஒட்டியவை, நடந்தே சுற்றலாம். கொன்செப்சியோனில் 1858-இல் ஆங்கிலேயர்கள் கட்டிய ஆங்கிலிகன் தேவாலயம் இருக்கிறது. கத்தோலிக்கம் அல்லாத பொது வழிபாட்டுக்குத் தடை இருந்த காலம் அது, அதனால் கோபுரம் இல்லாமல் அடக்கமாக நிற்கும். சற்றுத் தள்ளி ஜெர்மானியர்களின் லுத்தரன் தேவாலயம், அதற்கு உயர்ந்த கோபுரம் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட சுமார் நாற்பது ஆண்டில் நாடு எவ்வளவு மாறியது என்பதை இரண்டு கட்டடங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காட்டுகின்றன. ஹெர்வாசோனி, அட்கின்சன் நடைபாதைகளிலிருந்து துறைமுகம் முழுவதும் தெரியும். சரக்குப் பெட்டகங்களைத் தூக்கும் கிரேன்கள், கடற்படைக் கப்பல்கள், தூரத்தில் வீன்யாவின் மாடிக் கட்டடங்கள்.

காலை மேகமூட்டம் இங்கே தொல்லையே இல்லை. சொல்லப்போனால் குன்று ஏற அதுதான் சரியான வேளை, வெயில் இல்லை. சுவரோவியங்களைப் பார்த்துக்கொண்டே பெயாவிஸ்தா குன்றுக்குப் போகலாம். அங்கே திறந்தவெளி ஓவியச் சந்துகளும், கவிஞர் பாப்லோ நெரூதாவின் வீடான லா செபாஸ்தியானாவும் இருக்கின்றன. 1961-இல் அவர் குடிவந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். கால் வலித்தால் அலெமானியா அவென்யூ வழியாகப் போகும் 612-ஆம் எண் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுங்கள். குன்றுகளின் இடுப்பைச் சுற்றிப் போகும் சாலை அது, ஒவ்வொரு வளைவிலும் கடல் தெரியும். கீழே தட்டைப் பகுதியில் 1952-இலிருந்து ஓடும் டிராலி பேருந்துகள், அதாவது தலைக்கு மேல் செல்லும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பேருந்துகள், இருக்கின்றன. 1940-களில் அமெரிக்காவில் செய்த வண்டிகள் சில இன்னும் தினசரிப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. இயந்திரங்களில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள்.

இனி குறைகள். வால்பரைசோவின் சொந்தக் கடற்கரைகள் சிறியவை. தொர்பெதேராஸ் என்ற கரை அழகுதான், ஆனால் குறுகலானது. நல்ல மணலுக்கு வீன்யாவுக்குத்தான் போக வேண்டும். படிகள் நிறைய. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் இந்த ஊர் கடினம். பாதுகாப்பு பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கீழே தட்டைப் பகுதி பகலில் பரபரப்பாக இருக்கும், கடைகள் சாத்தியதும் வெறிச்சோடும். பழைய துறைமுகப் பகுதியின் சந்துகளில் கேமரா, கைபேசிப் பறிப்பு நடப்பதுண்டு. இருட்டிய பிறகு கீழே நடக்காமல் வாடகை வண்டியில் நேராகத் தங்கும் வீட்டு வாசலில் இறங்கிக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டை அலெக்ரே, கொன்செப்சியோன் குன்றுகளுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் பெரும்பாலும் கவலை இல்லை, அங்கே உணவகங்களும் ஆள் நடமாட்டமும் உண்டு.

வீன்யா தெல் மார் வேறு குணம். 1874-இல் பிறந்த ஊர், திட்டமிட்டுப் போட்ட தெருக்கள், மரங்கள், பூங்காக்கள். ஊரின் பெரும்பகுதி தட்டையான நிலம். கலேத்தா அபார்க்கா கரைக்கு மேலே 1962 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக அமைத்த பூக்கடிகாரம், பாறையின் மேல் நிற்கும் வுல்ஃப் மாளிகை, ஈஸ்டர் தீவிலிருந்து கொண்டுவந்த ‘மொஆய்’ என்ற கற்சிலை வாசலில் நிற்கும் ஃபோங்க் அருங்காட்சியகம் எல்லாம் ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம். வடக்கே அகாபுல்கோ, எல் சோல் என்று வரிசையாக அகலமான கரைகள். மணலில் வெள்ளை உடுப்பு அணிந்தவர்கள் கூடையில் பான் தெ உவேவோ என்ற இனிப்பு ரொட்டி விற்றுக்கொண்டு வருவார்கள். பிள்ளைகள் அந்தக் குரலுக்குக் காத்திருப்பார்கள்.

வயதான அம்மா அப்பாவோடும் சிறு பிள்ளைகளோடும் போகிறீர்கள் என்றால், எனக்கு வால்பரைசோ மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும், வீன்யாவில் தங்குங்கள் என்றுதான் சொல்வேன். மீராமார் ரயில் நிலையத்துக்கும் பெரூ அவென்யூவுக்கும் இடைப்பட்ட பகுதி நல்லது. இரவு பத்து மணிக்கும் குடும்பங்கள் கரையோரம் உலாவிக்கொண்டிருப்பார்கள். அடுக்குமாடி வீடுகள் சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும். சோறு வடித்துச் சாப்பிட வேண்டும் என்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

இரண்டு ஊர்களையும் இணைப்பது லிமாச்சே–புவெர்த்தோ ரயில். வால்பரைசோவின் துறைமுக நிலையத்தில் ஏறினால் கடலை ஒட்டியே ஓடி, இருபது நிமிடத்துக்குள் வீன்யா வந்துவிடும். பணம் ஏற்றும் அட்டை ஒன்றை நிலையத்திலேயே வாங்க வேண்டும். இரவு கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள், தவறினால் பேருந்தோ வாடகை வண்டியோதான். வழியில் போர்த்தாலேஸ் நிலையத்தில் ஒரு நாள் கட்டாயம் இறங்குங்கள். மீனவர்கள் படகைக் கரையேற்றி மீனை அங்கேயே அரிந்து விற்கும் துறை அது. கழிவுக்காகப் பெலிக்கன்களும் கடற்சிங்கங்களும் வந்து காத்திருக்கும்.

எந்த மாதம்? டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை குளிக்கும் பருவம், உயிர்காப்பாளர்கள் பணியில் இருப்பார்கள். எந்தக் கரையில் இறங்கலாம், எதில் இறங்கக் கூடாது என்பதைக் கடற்படை முடிவுசெய்து பலகை வைக்கும். "நோ அப்தா" என்று எழுதியிருந்தால் தண்ணீர் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள், அடிநீர் இழுக்கும். ஜனவரியும் பிப்ரவரியும் நெரிசலும் விலையும் உச்சத்தில் இருக்கும். பிப்ரவரிக் கடைசியில் வீன்யாவில் 1960-இலிருந்து நடக்கும் பாட்டுத் திருவிழாவின்போது அறை கிடைப்பதே பாடு. புத்தாண்டு இரவில் விரிகுடா முழுவதும் வாணவேடிக்கை. குன்றின் மேலிருந்து பார்க்க அதைப் போல ஒரு காட்சி இல்லை. அதற்குப் பல மாதம் முன்பே பதிவுசெய்ய வேண்டும்.

என் தேர்வு மார்ச் முதல் இரண்டு வாரம். பள்ளிகள் திறந்துவிடும், கூட்டம் வடிந்துவிடும், தண்ணீர் பிப்ரவரி அளவிலேயே இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. உச்சக் கோடை காட்டுத்தீக் காலம். கோடை கழிந்த 2014 ஏப்ரலில்கூட வால்பரைசோ மேட்டுக் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. 2024 பிப்ரவரித் தொடக்கத்தில் வீன்யாவின் மேட்டுப் பகுதிகளிலும் பக்கத்து ஊர்களிலும் பரவிய தீயில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அங்கிருந்த தாவரவியல் பூங்காவின் பெரும்பகுதி அழிந்தது. இரண்டும் ஏழைகள் வசிக்கும் மேட்டுச் சரிவுகளைத்தான் அதிகம் தாக்கின. தீ மார்ச்சிலும் வரலாம் என்பதால், எப்போது போனாலும் பள்ளத்தாக்குகளை ஒட்டிய ஒற்றைப் பாதை வீடுகளைத் தவிர்த்துவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் பேரலையும், கடற்கரைக்கு ஆகாது. நகரம் மட்டும் போதும் என்பவர்களுக்கு வாடகை குறையும்.

சுனாமிக்கான ஏற்பாடும் இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசப்படும். கடலிலிருந்து 30 மீட்டர் உயரத்துக்கு ஏறுவதுதான் சிலி முழுக்கப் பின்பற்றும் விதி, தெருக்களில் அம்புக்குறிப் பலகைகள் வழிகாட்டும். வால்பரைசோ குன்றில் தங்கினால் நீங்கள் ஏற்கெனவே மேலே இருப்பீர்கள். வீன்யாவின் தட்டைப் பகுதியில் தங்கினால் முதல் நாளே அந்த வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டில் அசைவர்களுக்குக் குறையே இல்லை. ரெய்னெத்தா மீன், சீஸ் போட்டுச் சுட்ட மச்சாஸ் சிப்பி, கொங்ரியோ மீன் சாறு என்று இரண்டு ஊர்களிலும் கிடைக்கும். உருளைக்கிழங்கு வறுவல் மேல் மாட்டிறைச்சி, வெங்காயம், முட்டை குவித்துத் தரும் சோரியானா வால்பரைசோவுக்கே உரியது. சைவர்கள் சற்றுத் தேட வேண்டும். கோடையில் கிடைக்கும் போரோத்தோஸ் கிரனாதோஸ் அவர்களுக்குத் தோதானது. பச்சைக் காராமணி போன்ற பிஞ்சுப் பயறு, சோளம், பூசணி சேர்த்து வேகவைத்த கூட்டு அது, இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வெண்ணெய்ப்பழம் எங்கும் மலிவு. காரம் வேண்டுமென்றால் பெப்ரே என்ற மிளகாய்க் கொத்தமல்லித் துவையலைக் கேளுங்கள். குன்றுகளில் சைவ உணவகங்கள் வீன்யாவைவிட எளிதாகக் கண்ணில் படும்.

தம்பதியாகவோ நண்பர்களாகவோ போகிறவர்களுக்கு, கால் திடமாக இருந்தால், என் பரிந்துரை ஐந்து இரவும் அலெக்ரே அல்லது கொன்செப்சியோன் குன்றில். காலையில் குன்றுகள், மதியம் ரயிலேறி வீன்யா மணல், இருட்டும்முன் திரும்பி மேலே சாப்பாடு. ஒரு நாளைக் கோன்கோன் மணற்குன்றுகளுக்கு ஒதுக்குங்கள், அதையும் வார நாளில். குடும்பமாகப் போகிறவர்கள் வீன்யாவில் தங்கி, இரண்டு காலைப் பொழுதுகளை வால்பரைசோவுக்குக் கொடுக்கலாம். பெரியவர்களுக்கு எல் பேரால் அசென்சோரில் மேலே ஏறி, மேல்நிலையத்தை ஒட்டிய யூகோஸ்லாவோ நடைபாதையில் உட்காருவதே போதுமானது. பக்கத்திலேயே பாபுரிசா மாளிகை ஓவியக் கூடமும் இருக்கிறது. பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று நடுவில் அறை மாற்றாதீர்கள், ரயில் இருக்கும்போது பெட்டி கட்டுவது வீண்.

பெட்டியில் தடித்த கம்பளிச் சட்டை ஒன்றும், வெயில் களிம்பும் இரண்டுமே இருக்கட்டும். காற்று குளிர்ச்சியாக அடிப்பதால் வெயில் உறைப்பது தெரியாது, ஆனால் இங்கே கோடையில் புறஊதாக் கதிர் மிகக் கடுமை. திரும்பும் நாளில் விமான நிலையத்துக்கு நேரே போவதென்றால், பஹாரித்தோஸில் பேருந்து மாறிக்கொள்ளலாம், சாண்டியாகோ நகருக்குள் போக வேண்டியதில்லை. ஞாயிறு மாலை மட்டும் வேண்டாம், கடற்கரைக்கு வந்த தலைநகரக் கூட்டம் முழுவதும் அந்தச் சாலையில்தான் இருக்கும்.